கனியுப்பு வாங்கப் போகுமுன் மாட்டுத் தொட்டியைப் பாருங்கள்

மாடு மெலிந்தாலும் கல்சியம், பால் குறைந்தாலும் கல்சியம், சினை நிற்காவிட்டாலும் கல்சியம். எங்கள் பக்கத்தில் மாடு வளர்க்கிற பலருக்கு விற்றமின், கனியுப்பு என்றால் கடையில் விற்கிற அந்த ஒரு போத்தல்தான். காசு வீணாகிறது, அது ஒரு பக்கம். மாட்டுக்கு உண்மையில் தேவைப்படுவது வேறொன்றாக இருந்தால் அந்தக் குறை அப்படியே கிடக்கும். நான் யாழ்ப்பாணத்து நீர்வேலியில் கறவைப் பசுக்களும் கொஞ்சம் ஆடுகளும் வைத்திருக்கிறேன். யோசனை கேட்டு வருகிறவர்களிடம் முதலில் கேட்பது, தொட்டிக்குள் என்ன போடுகிறீர்கள் என்றுதான். என்ன குறைகிறது என்பதைப் பாதிக்கு மேல் தீவனமே சொல்லிவிடும்.

தவிடு தாராளமாக வைக்கிற வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ அரிசித் தவிட்டில் பொஸ்பரசு ஏறக்குறைய 15 கிராம் இருக்கும். கல்சியமோ ஒரு கிராம் அளவுதான். மாட்டின் முழு உணவையும் சேர்த்துப் பார்த்தால் கல்சியம் பொஸ்பரசுக்குச் சமமாகவாவது இருக்க வேண்டும். அதைப்போல் இரண்டு மடங்கு வரை இருந்தால் நல்லது. வெறும் தவிட்டிலும் தேங்காய்ப் புண்ணாக்கிலும் நிற்கிற கறவை மாட்டுக்கு இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். ஒரு லீற்றர் பாலோடு 1.2 கிராம் அளவு கல்சியம் வெளியே போகிறது. எட்டு லீற்றர் கறந்தால் கிட்டத்தட்ட 10 கிராம். தின்கிற கல்சியத்தில் பாதிகூட உடம்பில் சேராது என்பதால் பாலுக்கு மட்டுமே 20 கிராமுக்கு மேல் தொட்டியில் இருக்க வேண்டும். இப்படிப்பட்ட வீட்டில் கல்சியம் தேவைதான். ஆனால் அதற்குப் போத்தல் கடைசி வழி. புண்ணாக்கில் பாதியை எள்ளுப் புண்ணாக்காக மாற்றுங்கள். தேங்காய்ப் புண்ணாக்கைவிட அதில் கல்சியம் பல மடங்கு அதிகம். வேலியில் நிற்கிற சீமைக்கிளுவை, அகத்தி, முருங்கை எல்லாவற்றிலும் கல்சியம் உண்டு. சீமைக்கிளுவையை வெட்டியவுடன் போட்டால் பல மாடுகள் மணம் பிடிக்காமல் தள்ளிவிடும். காலையில் வெட்டி வாட விட்டு, பின்னேரம் போடுங்கள். தின்னும்.

கேத்திலின் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிகிறதே, நம் கிணற்றுத் தண்ணீரிலேயே கல்சியம் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது. ஆனால் மாடு குடிக்கிற தண்ணீரில் இருந்து கிடைப்பது சில கிராம்தான். பால் மாட்டுக்கு அது காணாது.

வைக்கலும் பனையோலையும் தரிசில் கட்டி மேய்ப்பதுமாக இருக்கிற மாட்டின் கதை வேறு. வைக்கலில் பொஸ்பரசு மிகக் குறைவு. நம் நிலத்தின் அடியில் கிடப்பது சுண்ணாம்புக்கல். அந்த மண் பொஸ்பரசைப் பிடித்து வைத்துக்கொள்வதால் புல்லுக்கும் அது அவ்வளவாக ஏறாது. இந்த மாடு மண்ணை நக்கும், கயிற்றைச் சப்பும், கொடியில் காய்கிற சேலையை இழுத்துத் தின்னும், எலும்பைக் கண்டால் விடாது. இதைக் கெட்ட பழக்கம் என்று அடிக்க வேண்டாம். பொஸ்பரசோ உப்போ குறைந்த மாடு அதைத் தேடி அலைகிறது. எலும்பு தின்பது ஆபத்தும்கூட. செத்த பிராணியின் எலும்பில் இருக்கிற நஞ்சு மாட்டைப் படுக்கப் போட்டுவிடும். இந்த மாட்டுக்குக் கல்சியம் போத்தல் வாங்கிப் பருக்கினால் ஒரு பலனும் இல்லை. நாளுக்கு ஒரு கிலோ தவிடும் கொஞ்சம் உப்பும் வைத்துப் பாருங்கள். குடற்பூச்சி மருந்து கொடுத்து எவ்வளவு காலம் என்றும் யோசியுங்கள். குடலில் பூச்சி இருந்தால் நீங்கள் வைப்பதில் ஒரு பங்கு அதற்குத்தான்.

உப்பு எல்லா மாட்டுக்கும் வேண்டும். புல்லிலோ தவிட்டிலோ சோடியம் போதாது. வளர்ந்த பசுவுக்கு நாளுக்கு 30 கிராம் அளவு, ஆட்டுக்கு 5 முதல் 10 கிராம். ஆனையிறவுக் கல்லுப்பும் சரிதான், ஆனால் பொதியில் வருகிற அயடீன் சேர்த்த உப்பைக் கொடுத்தால் அயடீனும் கொஞ்சம் போய்ச் சேரும். தீவுப்பகுதியில் சவர்த் தண்ணீர் குடிக்கிற மாடுகளுக்குத் தண்ணீரிலேயே உப்பு போகிறது. அங்கே அளவைக் குறையுங்கள், நல்ல தண்ணீர் கொடுக்கப் பாருங்கள்.

இனி நுண்கனியுப்புகள்: நாகம் (துத்தநாகம்), செப்பு, மங்கனீசு, கோபால்ற்று, அயடீன், செலேனியம். இவை மில்லிகிராம் கணக்கில்தான் தேவை. சுண்ணாம்பு கலந்த காரமான மண்ணில் நாகமும் மங்கனீசும் கோபால்ற்றும் பயிருக்கு எட்டாமல் போகும். அதே மண்ணில் மொலிப்டினம் புல்லுக்கு இலகுவாக ஏறி, மாட்டின் வயிற்றில் செப்பைச் சேரவிடாமல் தடுக்கும். அதனால் யாழ்ப்பாணத்தில் கனியுப்புத் தூள் வாங்குவது நியாயமான செலவு என்பது என் எண்ணம். கறுத்த மாடு வெயிலில் மட்டும் செம்பட்டையாவதில்லை, செப்புக் குறைந்தாலும் ஆகும். எங்கள் கறுப்பிக்குக் கண்ணைச் சுற்றி மயிர் துரு நிறத்தில் வெளிறி, கண்ணாடி போட்டதுபோல வந்தது. முதுகு மயிரும் சொரசொரத்துப் போனது. மிருக வைத்தியர் பார்த்து முதலில் பூச்சி மருந்து, பிறகு செப்பு உள்ள கனியுப்புத் தூள் என்று சொன்னார். மினுமினுப்பான கறுப்பு மயிர் அடியிலிருந்து முளைத்துப் பழைய மயிரைத் தள்ளிக்கொண்டு வந்ததைத் தடவிப் பார்க்கவே சந்தோசமாக இருந்தது. நாகம் குறைந்தால் தோல் தடித்து வெடிக்கும், குளம்பு கெடும், புண் ஆற நாள் எடுக்கும்.

விற்றமின்களில் எல்லாவற்றுக்கும் கவலைப்படத் தேவையில்லை. பி வகை விற்றமின்களையும் கே-யையும் மாட்டின் முதல் இரைப்பையில் இருக்கிற நுண்ணுயிர்களே செய்து கொடுக்கின்றன. பி 12 செய்ய மட்டும் அவற்றுக்குக் கோபால்ற்று வேண்டும். சி விற்றமினை ஈரலே செய்யும். டி வெயிலில் கிடைக்கும். நாள் முழுவதும் தகரக் கொட்டிலுக்குள் கட்டி வைக்காமல் காலை வெயிலில் கொஞ்ச நேரம் வெளியே கட்டுங்கள். கன்றுகளுக்கு முதல் இரைப்பை இன்னும் வேலை செய்யாது, அதனால் பால்தான் எல்லாம்.

நம் ஊரில் நான் பயப்படுவது ஏ விற்றமினுக்கு. அது பச்சை இலையில் உள்ள கரோட்டினில் இருந்து வருகிறது. வைக்கலில் அது காய்ந்தே போய்விடும். மாரியில் பச்சை தின்ற மாடு ஈரலில் சேர்த்து வைத்திருப்பது இரண்டு, மூன்று மாதம், மிஞ்சினால் நான்கு மாதம் தாங்கும். மாரி தையோடு முடிய, வைகாசி, ஆனி, ஆடியில் புல் கருகிக் கிடக்கும்போது ஈரலும் காலியாகிவிடும். மைம்மலில் வாளியில் கால் இடறுகிற மாடு, கண்ணில் நீர் வடிகிற மாடு, கண் தெரியாமலோ எழும்ப மாட்டாமலோ பிறக்கிற கன்று எல்லாம் இதன் அடையாளமாக இருக்கலாம். இதற்கு வேலிதான் கைகொடுக்கும். கோடையில் பச்சையாக நிற்பது வேலிதானே. வேலியை ஒரேயடியாக மொட்டையாக வெட்டாமல் பக்கம் பக்கமாகப் பிரித்து வெட்டினால் ஆவணி வரை ஒவ்வொரு நாளும் நாலு கொப்பு பச்சைக் குழை தொட்டியில் விழும். ஆடி, ஆவணியில் பனம்பழம் விழுகிற காலத்தில் அதையும் போடுங்கள். அந்த மஞ்சள் களியிலும் கரோட்டின் இருக்கிறது, மாடு விரும்பிச் சூப்பும்.

கன்று போடுகிற நேரம்

இங்கேதான் அக்கறையோடு செய்கிற வேலையே தீங்காகிப் போகிறது. சினை மாட்டுக்குக் கடைசி மாதத்தில் கல்சியம் ஊற்றி ஊற்றிப் பலப்படுத்துவார்கள். வேண்டாம். மாட்டின் இரத்தத்தில் ஒரு நேரத்தில் ஓடுகிற கல்சியம் 3 கிராம் அளவுதான். கன்று போட்ட அன்று கடும்பில், அதாவது முதற்பாலில், லீற்றருக்கு 2 கிராமுக்கு மேல் போகிறது. அந்த நேரம் மாடு தன் எலும்பிலிருந்து கல்சியத்தை எடுத்து இரத்தத்தில் விட வேண்டும். முன்னிருந்தே வாய்வழியாகத் தாராளமாக வந்துகொண்டிருந்தால் எலும்பிலிருந்து எடுக்கச் சொல்கிற ஓமோன் வேலையில்லாமல் தூங்கிக் கிடக்கும். எழுப்ப ஒன்றிரண்டு நாள் ஆகும். அதற்குள் மாடு விழுந்துவிடும். இதைத்தான் பால் காய்ச்சல் என்கிறார்கள். காய்ச்சல் என்று பெயர், உடம்போ குளிர்ந்திருக்கும்.

சினைப்படுத்தியபோது தந்த துண்டில் உள்ள திகதியிலிருந்து 280 நாள் எண்ணிக்கொள்ளுங்கள். கடைசி மூன்று கிழமையும் கல்சியம் மருந்தை நிறுத்துங்கள். அகத்தி, சீமைக்கிளுவை, எள்ளுப் புண்ணாக்கைக் குறைத்து, புல், வைக்கல், அளவான தவிடு என்று கொடுங்கள். எங்கள் ஊரில் வாழைக்குலை வெட்டியதும் குற்றியை அரிந்து மாட்டுக்குப் போடுவது வழக்கம். வாழைக்குற்றியில் பொற்றாசியம் மிக அதிகம். அதுவும் எலும்பிலிருந்து கல்சியம் வெளிவருவதைத் தடுக்கும். அந்த மூன்று கிழமைக்கு அதைப் பால் கறக்கிற மற்ற மாடுகளுக்குப் போட்டுவிடுங்கள். உப்பையும் அள்ளி வைக்காதீர்கள், மடி வீக்கம் கூடும். கன்று போட்ட நாளிலிருந்து குழையும் கல்சியமும் தாராளமாகக் கொடுக்கலாம்.

யேர்சிக் கலப்பு மாடு, மூன்றாம் கன்றுக்கு மேல், பால் கூட என்றால் முதல் மூன்று நாளும் கவனமாக இருங்கள். நடை தள்ளாடும், காது குளிரும், சாணி போடாது, பிறகு படுத்துக் கழுத்தை விலாப்பக்கம் வளைத்து வைத்துக்கொள்ளும். அந்த நிலையில் வாயால் எதையும் ஊற்றாதீர்கள். விழுங்கும் சக்தி குறைந்திருக்கும், ஊற்றியது நுரையீரலுக்குப் போய்விடும். மாட்டைப் பக்கவாட்டில் சரிய விடாமல் நெஞ்சில் ஊன்றிப் படுக்க வைத்து, இரண்டு பக்கமும் வைக்கல் கட்டு அண்டை கொடுத்து, மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். இரத்த நாளத்தில் மெல்ல மெல்ல ஏற்றுகிற கல்சியம்தான் மருந்து. வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அதனால் இது வைத்தியர் கையால் மட்டும்.

இளங்கொடி (நஞ்சுக்கொடி) 12 மணித்தியாலத்துக்குள் விழ வேண்டும். விழாமல் தங்குவதற்கு ஏ, ஈ விற்றமினும் செலேனியமும் குறைவாக இருப்பது ஒரு காரணம். கல்லைக் கட்டித் தொங்கவிடுவதும் இழுப்பதும் கூடாது. ஒரு நாள் கடந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

கடும்பு கன்றுக்கு முதல். தாயின் வயிற்றில் இருக்கும்போது ஏ, ஈ விற்றமின் கன்றுக்கு மிகக் கொஞ்சம்தான் போகும். கடும்பில்தான் அள்ளிக் கிடைக்கும். நோய் எதிர்ப்பும் அதில்தான். பிறந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் குடிக்க வேண்டும். 25 கிலோ கன்று முதல் அரை நாளில் இரண்டரை லீற்றர் அளவு குடித்திருக்க வேண்டும். அதன் பிறகு மிஞ்சுவதை வீட்டுக்கு எடுத்துக் காய்ச்சுங்கள்.

ஆடுகளுக்கு இரண்டு விசயம் தனியாக. கோவா இலையும் இப்பில் இப்பில் (சூபாபுல்) குழையும் மலிவாகக் கிடைக்கிறது என்று சினை ஆட்டுக்கு அதையே போட்டால் அயடீன் வேலை கெடும். குட்டி கழுத்து வீங்கி, மயிரில்லாமல், சில நேரம் செத்தே பிறக்கும். இப்பில் இப்பில் குழை மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல், பூவரசு, பலா, கிளுவை என்று கலந்து கட்டித் தொங்கவிடுங்கள். நலமடித்த கிடாய்களுக்குத் தவிட்டை அள்ளி வைத்து வளர்த்தால் பொஸ்பரசு கூடி மூத்திரக்கல் வரும். முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் பெய்கிற கிடாயை அன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள், நாளைக்கு என்று விடாதீர்கள்.

கனியுப்புத் தூள் கொடுக்கிற முறை

பசுவுக்கு நாளுக்கு 30 முதல் 50 கிராம், ஆட்டுக்கு 10 கிராம் என்பது பொதுவான கணக்கு. பையில் வேறு அளவு எழுதியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். கரண்டிக் கணக்கை நம்ப வேண்டாம், தூளுக்குத் தூள் பாரம் மாறும். ஒரு தடவை சமையல் தராசில் நிறுத்து, அந்த அளவு எந்த மூடியில் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்து, மூடியில் கோடு போட்டு அந்த மூடியைப் பைக்குள்ளேயே வைத்துவிடுங்கள். தூளை நேரே தொட்டியில் கொட்டினால் முந்தி வருகிற மாடு நக்கிவிடும். ஒரு சிரங்கை தவிட்டில் பிசறி, பிறகு முழுத் தவிட்டோடும் கலக்குங்கள். கொதிக்கிற கஞ்சியில் போட வேண்டாம், விற்றமின் அழிந்துவிடும். பையைத் தகரக் கூரைக்குக் கீழே தொங்கவிடாமல், மூடியுள்ள வாளியில் போட்டு வீட்டு நிழலில் வையுங்கள். உடைத்த பையைச் சில மாதத்துக்குள் முடியுங்கள். ஏ, டி, ஈ ஊசியைக் கனியுப்போடு சேர்த்து அடிக்கடி போட ஆசைப்படாதீர்கள். ஏ-யும் டி-யும் உடம்பில் தங்கிச் சேர்ந்து நஞ்சாகக்கூடியவை, எப்போது போடுவது என்று வைத்தியர் சொல்லட்டும்.

செம்மறி வைத்திருப்பவர்கள் மாட்டுக்கு வாங்கிய தூளை அவற்றுக்குப் போடவே கூடாது. அதில் உள்ள செப்பு செம்மறியின் ஈரலில் சத்தமில்லாமல் சேர்ந்து, ஒரு நாள் மூத்திரம் செங்கபிலமாகப் போய், கண் மஞ்சளாகிச் செத்துவிடும். அவற்றுக்கென்று செப்புச் சேர்க்காத தூளைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் உப்பும் கலப்புக் குழையும் மட்டும் கொடுங்கள்.