பொம்மைகளும் வரட்டும்: குழந்தைகளுக்கு ஒரு பழங்கால டீ விருந்து

1840 வாக்கில் இங்கிலாந்தில், இரவுச் சாப்பாடு வரை பசி தாங்காமல் பெட்ஃபோர்ட் சீமாட்டி அன்னா மரியா சாயங்காலம் டீயும் தின்பண்டமும் வரவழைத்துச் சாப்பிட ஆரம்பித்தார், அதிலிருந்துதான் அந்த வழக்கம் பரவியது என்பார்கள். அது பெரியவர்களின் டீ. வசதியான வீட்டுக் குழந்தைகளுக்கு அவர்கள் அறையிலேயே தனியாக வைப்பார்கள்: ரொட்டி, வெண்ணெய், ஜாம், பால், சாதாரண கேக். நாம் நடத்தப்போவது இந்தக் குழந்தைகள் டீதான். மூன்றடுக்குத் தட்டெல்லாம் தேட வேண்டாம்.

1. அழைப்பு
முதல் தடவைக்கு நாலு குழந்தைகள் போதும். பொம்மைகளோடு எட்டுப் பேர் ஆகிவிடும். அழைப்பிதழைப் பொம்மையின் பெயருக்கே எழுதுங்கள். கரடி, முயல், மரப்பாச்சி, எது வந்தாலும் சரி. யாராவது பொம்மை இல்லாமல் வரலாம். அந்தக் குழந்தையின் முகம் வாடிவிடக் கூடாது. உங்களிடம் ஒன்று கூடுதலாக இருக்கட்டும்.

2. மேசை
குட்டை மேசை, வெள்ளைத் துணி, ஒரு கிண்ணத்தில் பூ. பொம்மைக்குக் கீழே தடிப் புத்தகம் போட்டு உயர்த்தி, சரியாமல் ரிப்பனால் நாற்காலியோடு கட்டுங்கள். குழந்தைகளுக்குப் பீங்கான் கோப்பையே கொடுங்கள். உடையும் என்று தெரிந்தால் அவர்கள் கை தானே நிதானமாகும், நான் பார்த்திருக்கிறேன். விலை குறைந்ததாக, ஜோடி சேராததாக இருந்தாலும் அழகுதான். பொம்மைக்குச் சொப்பு.

3. வெள்ளரி சாண்ட்விச்
இதில்தான் பலர் தவறுவார்கள். வெள்ளரியைக் கண்ணாடி போல மெலிதாகச் சீவி, உப்புத் தூவிப் பதினைந்து நிமிடம் வைத்து, துணியில் ஒற்றி எடுங்கள். ரொட்டியில் வெண்ணெயை ஓரம்வரை தடவுங்கள். வெண்ணெய்தான் ஈரம் உள்ளே இறங்காமல் காக்கும். வெள்ளரியை அடுக்கி மூடிய பிறகு ஓரத்தை நறுக்கிவிட்டு, விரல் நீளத் துண்டுகளாக வெட்டுங்கள். பொம்மைக்கு அதிலேயே நகக்கண் அளவு.

4. டீ
பெரியவர்கள் குடிக்கும் டீ வேண்டாம். அமெரிக்காவில் அந்தக் காலத்தில் குழந்தைகளுக்கு 'கேம்ப்ரிக் டீ' கொடுத்தார்கள். கேம்ப்ரிக் என்பது மெல்லிய வெள்ளைத் துணி. இதுவும் அப்படி வெளுத்திருப்பதால் அந்தப் பெயர். பாலும் வெந்நீரும் பாதிப் பாதி, கொஞ்சம் சர்க்கரை, நிறத்துக்கு ஒரு ஸ்பூன் டீ டிகாஷன். டிகாஷன் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வெதுவெதுப்பாக ஆறிய பிறகே கெட்டிலில் ஊற்றுங்கள்.

5. பரிமாறுவது
எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. இங்கிலாந்தில் "நான் அம்மாவாக இருக்கட்டுமா?" என்று ஒருவர் கேட்டால், டீயை நான் ஊற்றட்டுமா என்று அர்த்தம். ஒவ்வொரு குழந்தையும் முறை வைத்து அம்மா ஆகட்டும், பையன்களும்தான். பக்கத்து வீட்டுப் பொம்மைக்கு முதலில், அடுத்து அதைக் கூட்டிவந்த குழந்தைக்கு, கடைசியில் தனக்கு. நீங்கள் கெட்டிலைத் தொடாதீர்கள். துணியில் சிந்தினால் சிந்தட்டும்.

முக்கால் மணி நேரம் போதும். பொம்மை மிச்சம் வைத்த துண்டு, அதைக் கூட்டிவந்தவருக்கு.