திரையில் பாஞ்சோ ஒலித்தால்: புளூகிராஸ் இசைக்குப் புதியவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

அமெரிக்கப் படங்களில் பாஞ்சோ என்ற கம்பிக்கருவியின் சத்தம் கேட்டால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். ஒரு கார் இன்னொரு காரைத் துரத்தும். இல்லாவிட்டால் மலைக்காட்டில் யாரோ ஒளிந்திருந்து ஆளைக் கொல்லக் காத்திருப்பார்கள். இதையே பார்த்துப் பார்த்து, அந்தக் கருவியை வாசிப்பவர் யார், அவர் எந்த ஊர்க்காரர் என்று கேட்கக்கூட நமக்குத் தோன்றுவதில்லை. அந்த இசைக்கலைஞர்களுக்கு இது பெரிய அநியாயம் என்று நினைக்கிறேன்.

பாஞ்சோ முக்கிய இடம் பிடிக்கும் அமெரிக்க மலைநாட்டு இசைவகைதான் புளூகிராஸ். அதற்குள் நுழைய சினிமா நல்ல வாசல்தான். உலகம் முழுக்க ஏராளமான பேர் அந்த வழியாகத்தான் வந்தார்கள். படம் பார்க்கும்போது காதுக்கும் கொஞ்சம் வேலை கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். இசை படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு ஹெட்போன் மட்டும் வேண்டும், ஏனென்றால் செல்போன் ஸ்பீக்கரில் பேஸ் கேட்காது.

படி 1: ஒரே பாட்டை நான்கு முறை கேளுங்கள்

'பானி அண்ட் கிளைட்' (1967) படத்தின் துரத்தல் காட்சிகளில் வருவது 'ஃபாகி மவுன்டன் பிரேக்டவுன்'. அது படத்துக்காகப் போட்ட மெட்டு இல்லை. ஏர்ல் ஸ்க்ரக்ஸ் உருவாக்கி, லெஸ்டர் ஃபிளாட்டுடன் சேர்ந்து 1949 டிசம்பரில் பதிவு செய்த பழைய இசைத்தட்டு. காட்சியை மறந்துவிட்டு அந்தப் பதிவை மட்டும் தேடி எடுங்கள். மூன்று நிமிடம்கூட ஆகாது.

முதல் முறை பேஸை மட்டும் பின்தொடருங்கள். ஆள் உயரத்துக்கு நிற்கும் பெரிய மரக் கருவி அது. தாளத்தின் கனமான அடிகளில் மட்டும் 'தும்' என்று விழும். இரண்டாவது முறை கிட்டார். தனியாக மெட்டு எதுவும் வாசிக்காமல் பாட்டு முழுவதையும் தாங்கிக்கொண்டு போகும். மூன்றாவது முறை பிடில். அது எப்போது முன்னால் வருகிறது, எப்போது பின்வாங்குகிறது என்று கவனியுங்கள். பாஞ்சோவைக் கடைசியாகக் கேளுங்கள். முதலிலேயே அதைக் கேட்டால் மற்ற எதுவும் காதில் ஏறாது.

ஸ்க்ரக்ஸ் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் பிக் என்ற, கம்பியை மீட்டும் சின்னத் தகட்டை மாட்டிக்கொண்டு வாசிப்பார். மூன்று விரல்களும் மாறி மாறி ஓடுவதால் சுரங்கள் இடைவெளியே இல்லாமல் கொட்டும். இந்த ஓட்டத்துக்கு ரோல் என்று பெயர். அந்தக் கொட்டலுக்கு நடுவில் மெட்டு தெளிவாக மேலே மிதந்து வருவதுதான் அவருடைய மேதைமை.

இன்னொன்று. இரண்டாவது கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) வரும் இடத்தில் பாஞ்சோ ஈ மைனர் வாசிக்கும், ஃபிளாட்டின் கிட்டார் ஈ மேஜர் வாசிக்கும். இலக்கணப்படி இரண்டும் மோதுகின்றன. அந்த உரசல் இல்லாமல் சுத்தமாக வாசித்த பிற்காலப் பதிவுகள் எனக்கு எப்போதும் கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கின்றன.

டிரம்ஸ் இல்லையே என்று தோன்றும். புளூகிராஸின் முன்னோடி பில் மன்றோவின் பதிவுகளைக் கேட்டால் காரணம் புரியும். அவர் மேண்டலினில் கம்பிகளை நறுக்கென்று வெட்டிவிட்டு உடனே அமுக்கிவிடுவார். பேஸ் அடிக்கும் 'தும்'களுக்கு நடுவில் அந்த வெட்டு விழும். தாளத்துக்கு அது போதும்.

படி 2: கதை நடக்கும் ஆண்டையும் இசையின் ஆண்டையும் ஒப்பிடுங்கள்

கென்டக்கிக்காரரான பில் மன்றோவின் புளூ கிராஸ் பாய்ஸ் குழுவில் ஸ்க்ரக்ஸ் சேர்ந்தது 1945 டிசம்பரில். நாம் இன்று புளூகிராஸ் என்று சொல்லும் ஒலி அந்தக் கூட்டணியில்தான் உருவானது. ஆனால் நிஜத்தில் வாழ்ந்த கொள்ளையர்களான பானியும் கிளைடும் சுட்டுக் கொல்லப்பட்டது 1934-ல். அவர்கள் காரில் பறந்த காலத்தில் இந்த பாஞ்சோ பாணியை அவர்கள் கேட்டிருக்கவே முடியாது. இது படத்தின் குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வேகம் காட்சிக்குத் தேவைப்பட்டது, பாட்டுக்கும் 1969-ல் கிராமி விருது வந்தது. ஆனால் பார்ப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு பார்ப்பது நல்லது.

புளூகிராஸுக்கு முந்தைய மலைநாட்டு இசையை ஓல்டு டைம் என்பார்கள். வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது சுலபம். ஓல்டு டைமில் எல்லாரும் சேர்ந்தே மெட்டை வாசிப்பார்கள், ஆட்டத்துக்கான இசை அது. புளூகிராஸில் ஒவ்வொருவராக முன்னால் வந்து தன் திறமையைக் காட்டிவிட்டுப் பின்வாங்குவார்கள். ஒருவர் முன்னால் வந்தாரா? அப்படியென்றால் பெரும்பாலும் புளூகிராஸ்.

நம்மை முழுசாக ஏமாற்றும் ஒரு மெட்டும் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி கென் பர்ன்ஸ் எடுத்த 'த சிவில் வார்' ஆவணத் தொடரில் (1990) திரும்பத் திரும்ப வரும் அந்தச் சோகமான பிடில் இசை, 1860-களில் ஏதோ போர்வீரன் வாசித்தது போலவே இருக்கும். அது ஜே அங்கர் 1982-ல் எழுதிய 'அஷோகன் ஃபேர்வெல்'. நியூயார்க் மாநிலத்தில் அவர் நடத்திய இசை முகாம் முடிந்து எல்லாரும் ஊருக்குப் போனபின் வந்த ஏக்கத்தில் எழுதியது.

இதற்கு நேர் எதிரான உதாரணம் 'கோல்ட் மவுன்டன்' (2003). கதை அதே போர்க்காலத்தில், 1864-ல் நடக்கிறது. படத்தில் ஒலிக்கும் தேவாலயக் கூட்டுப்பாட்டு 'சேக்ரட் ஹார்ப்' என்ற பாட்டுப்புத்தகத்தின் மரபைச் சேர்ந்தது. அந்தப் பாட்டுப்புத்தகம் 1844-லேயே வெளிவந்துவிட்டது. படப்பிடிப்பின் பெரும்பகுதி ருமேனியாவில் நடந்தாலும், குரல்களை அலபாமாவில் இன்றும் அந்த முறையில் பாடிவரும் சாதாரண மக்களிடமே பதிவு செய்தார்கள். போர்க்காட்சியில் அந்தக் கரடுமுரடான குரல்கள் எழும்போது சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேளுங்கள். மெருகேற்றிய தேவாலய இசையில் அந்த வலு கிடைக்காது.

படி 3: வாசிப்பது யாருடைய கை?

'டெலிவரன்ஸ்' (1972) படத்தில் நகரத்திலிருந்து வந்தவர் கிட்டார் எடுக்க, ஜார்ஜியா மலைக்கிராமத்துச் சிறுவன் பாஞ்சோவில் பதில் சொல்வான். பாட்டின் பெயர் 'டூயலிங் பாஞ்சோஸ்', ஆனால் ஒலிப்பது ஒரு கிட்டாரும் ஒரு பாஞ்சோவும். அந்தச் சிறுவனுக்கு பாஞ்சோ வாசிக்கத் தெரியாது. பின்னால் ஒளிந்திருந்த இன்னொரு பையன் இதற்கென்று தைத்த சட்டைக்குள் கையை விட்டு இடதுகை வேலையைச் செய்தான். நாம் கேட்கும் இசையோ நியூயார்க்கைச் சேர்ந்த எரிக் வைஸ்பெர்க்கும் ஸ்டீவ் மேண்டலும் வாசித்தது. மெட்டு அவர்கள் இருவருடையதும் இல்லை. ஆர்தர் ஸ்மித் 1950-களில் டான் ரீனோவுடன் சேர்ந்து இரண்டு பாஞ்சோக்களில் பதிவு செய்தது. படத்தில் தன் பெயர் வராததால் ஸ்மித் வழக்குப் போட்டு உரிமையை வென்றார்.

1973-ல் அது அமெரிக்கத் தரவரிசையில் 2-ஆம் இடம் வரை போனது. பாஞ்சோ என்றாலே பயம் என்ற எண்ணத்தைக் கோடிக்கணக்கானவர்கள் மனதில் பதித்ததும் அதே காட்சிதான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். முன்பின் தெரியாத இரண்டு பேர் வாசித்து வாசித்தே நண்பர்களாகும் சந்தோஷமான பாட்டு அது.

படி 4: பாடுவது யாருடைய குரல்?

இந்தப் படிக்கு நிதானமாக ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். படம் கோயன் சகோதரர்களின் 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தவ்?' (2000). கதை 1937-ல் மிசிசிப்பியில் நடக்கிறது. இசைப் பொறுப்பு டி-போன் பர்னெட்டுடையது. படப்பிடிப்புக்கு முன்பே பாட்டுகளைப் பதிவு செய்துவிட்டார்கள்.

ரேடியோ நிலையத்தில் ஜார்ஜ் குளூனி பாடும் 'மேன் ஆஃப் கான்ஸ்டன்ட் சாரோ' உண்மையில் டான் டிமின்ஸ்கியின் குரல். குளூனியும் பாடிப் பார்த்தார், சரியாக வரவில்லை. இந்தப் பாட்டைப் பின்னோக்கித் தேடிக்கொண்டு போவது நல்ல பயிற்சி. புளூகிராஸ் குழுவான ஸ்டான்லி பிரதர்ஸின் பதிவைக் கேளுங்கள். அங்கிருந்து இன்னும் பின்னால் போனால், 1913 வாக்கில் கென்டக்கியில் கண்பார்வை இழந்த பாடகர் டிக் பர்னெட் அச்சிட்ட பாட்டுப்புத்தகம் வரும். நீங்கள்தான் எழுதினீர்களா என்று முதுமையில் அவரைக் கேட்டபோது அவராலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நாட்டுப்புறப் பாட்டு இப்படித்தான். யாரிடம் தொடங்கியது என்பதைவிட யார் யார் கைமாற்றினார்கள் என்பதுதான் கிடைக்கும்.

அப்புறம் 'ஓ டெத்'. பாஞ்சோவுடன் பாடச் சொன்னபோது, அந்த ஸ்டான்லி பிரதர்ஸில் ஒருவரான ரால்ஃப் ஸ்டான்லி வேண்டாம் என்று சொல்லி, கருவியே இல்லாமல் வெறும் குரலில் பாடினார். அவர் வளர்ந்த மலைநாட்டு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் பாடும் முறை அது. திரையில் அந்தக் குரல் கு குளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் தலைவனின் வாயிலிருந்து வருகிறது. சாவிடம் கெஞ்சும் மனிதனின் பாட்டை கொலைகாரன் பாடுகிறான். காட்சிக்கு அது பொருத்தம்தான், ஆனால் ஸ்டான்லியை அந்த முகத்தோடு நினைவில் வைக்காதீர்கள். 2002-ல் அந்தப் பாட்டுக்காக கிராமி வாங்கும்போது அவருக்கு 75 வயது.

படத்தின் தொடக்கத்துக்குத் திரும்பிப் போங்கள். சங்கிலியில் பிணைத்த கைதிகள் பாறை உடைக்கிறார்கள், கூடவே 'போ லாசரஸ்' ஒலிக்கிறது. இது புளூகிராஸ் இல்லை. கறுப்பினக் கைதிகளின் உழைப்புப் பாட்டு. நாட்டுப்புறப் பாட்டுகளைச் சேகரித்த ஆலன் லோமாக்ஸ் 1959-ல் மிசிசிப்பி சிறையில் ஜேம்ஸ் கார்ட்டரும் சக கைதிகளும் மரம் வெட்டும்போது பதிவு செய்தது. திரையில் தெரிவது சுத்தியல், நீங்கள் கேட்பது கோடாரி. படத்தின் இசைத்தட்டு லட்சக்கணக்கில் விற்றபின் கார்ட்டரைத் தேடிப் போனார்கள். சிகாகோவில் இருந்தார், அப்படி ஒரு பாட்டைப் பாடியதே அவருக்கு மறந்துபோயிருந்தது. முதல் காசோலை 20,000 டாலர். பாட்டைப் பாடியவரைத் தேடிக் கண்டுபிடித்துப் பணம் கொடுத்தார்கள் என்பது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கிற விஷயம் இல்லை. அதனால்தான் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பாஞ்சோவே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் மரபிலிருந்து வந்த கருவி என்பதையும் இந்த இடத்தில் நினைவில் வையுங்கள்.

படி 5: தொலைக்காட்சி

இதற்கு இரண்டு தொடர்கள் போதும். 'த பெவர்லி ஹில்பில்லீஸ்' (1962–71) தொடரின் தொடக்கப் பாட்டில் ஸ்க்ரக்ஸின் பாஞ்சோ வரும். ஸ்க்ரக்ஸின் மனைவி லூயிஸ்தான் குழுவின் மேலாளர். மலைநாட்டு மக்களைக் கேலி செய்துவிடுவார்களோ என்று பயந்து முதலில் மறுத்துவிட்டார். முன்னோட்டப் பகுதியைப் பார்த்தபிறகே ஒப்புக்கொண்டார். ஃபிளாட்டும் ஸ்க்ரக்ஸும் தனியாக வெளியிட்ட பதிவு 1963-ல் கன்ட்ரி தரவரிசையில் முதலிடம் பிடித்தது.

அதே ஆண்டிலிருந்து 'த ஆண்டி கிரிஃபித் ஷோ'வில் மிசோரியைச் சேர்ந்த தில்லர்ட்ஸ் குழு, ஒரு வார்த்தைகூடப் பேசாத டார்லிங் குடும்பத்துப் பிள்ளைகளாக வந்துபோனது. கதாபாத்திரங்கள் நகைச்சுவைக்காக எழுதப்பட்டவை, ஆனால் வாசிப்பில் விளையாட்டே கிடையாது. இங்கே வாசிக்கத் தெரிந்தவர்களையே கேமரா காட்டுவதால், படி 1-ல் காதால் பிரித்த கருவிகளைக் கண்ணாலும் பார்த்துச் சரிபார்க்கலாம்.

படி 6: நடிப்பே இல்லாத ஒரு படம்

பார்பரா கோப்பிள் எடுத்த 'ஹார்லன் கவுன்ட்டி யு.எஸ்.ஏ.' (1976) கென்டக்கி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தைப் பற்றிய ஆவணப்படம், ஆஸ்கர் வாங்கியது. இதில் ஹேசல் டிக்கன்ஸின் குரல் வருகிறது. மேற்கு வர்ஜீனியா சுரங்கக் குடும்பத்தில் பிறந்தவர், நுரையீரலில் கரித்தூள் படிந்து அண்ணனைப் பறிகொடுத்தவர். அவர் குரலில் குழைவே இருக்காது. முதலில் காதுக்குக் கடினமாக இருந்தால் பரவாயில்லை, இன்னொரு முறை கேளுங்கள்.

அதே படத்தில் ஒரு கூட்டத்தில் வயதான ஃபிளாரன்ஸ் ரீஸ் எழுந்து பாடுவார். அதே ஹார்லனில் 1931-ல் போலீஸ் அவர் வீட்டுக்குள் புகுந்து தேடிவிட்டுப் போனபின், சுவர்க் காலண்டர் தாளைக் கிழித்து அதில் எழுதிய பாட்டு. நீ எந்தப் பக்கம் என்று கேட்கும் பாட்டு. நாற்பது ஆண்டுகள் கழித்து, எழுதியவரே, அதே ஊர்த் தொழிலாளர்களுக்காகப் பாடுகிறார். குரல் உடைந்துபோயிருக்கிறது. படி 3, படி 4-ல் கேட்ட கேள்விகளை இங்கே கேட்க வேண்டியதில்லை.

இதுவரை வந்துவிட்டீர்களா? சரி, கடைசியாக ஒரு பயிற்சி. பெல்ஜியத்தில் எடுத்த 'த புரோக்கன் சர்க்கிள் பிரேக்டவுன்' (2012) படத்தைப் போடுங்கள். ஃபிளெமிஷ் மொழிப் படம், கதை நாயகர்கள் ஒரு புளூகிராஸ் குழுவினர், நடிகர்களே சொந்தக் குரலில் பாடியிருக்கிறார்கள். ஒரு தாளில் நான்கு நெடுவரிசை போட்டுக்கொள்ளுங்கள்: என்ன கருவி, எந்தக் காலத்துப் பாட்டு, வாசிப்பது யார், பாடுவது யார். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு வரி எழுதுங்கள். படம் முடிந்ததும் இறுதியில் ஓடும் பெயர்களைத் தாவிவிடாமல் கடைசி வரை பார்த்து, எழுதியதோடு சரிபாருங்கள்.