டம்மி மாத்திரையைப் பற்றிய தப்புக் கணக்குகள்

பெங்களூரில் ஒரு மருந்து ஆய்வில் சேரச் சொன்னால், அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கத்து நம் ஆட்கள் முதலில் கேட்பது, "டம்மி மாத்திரை கொடுத்துடுவீங்களா?" என்றுதான். டம்மி என்றால் பார்க்க நிஜ மருந்து மாதிரியே இருக்கும், உள்ளே மருந்து இருக்காது. ஒரு பிரிவுக்கு நிஜ மருந்தும் இன்னொரு பிரிவுக்கு டம்மியும் கொடுத்து ஒப்பிடுவார்கள். ஆகவே நியாயமான கேள்வி. அதன் பின்னால் வரும் கணக்குகள்தான் தப்பு.

"டம்மி சாப்பிட்டவருக்கும் சரியாச்சு, எல்லாம் மனசுதான்" என்பது முதல் தப்பு. நோய் உச்சத்தில் இருக்கும்போதுதான் பலரும் ஆய்வில் சேர்கிறார்கள். ஆய்வு நடக்கும் காலத்தில் நோய் தானாகவும் தணியலாம். 2011இல் வெளியான ஓர் ஆஸ்துமா ஆய்வில் நிஜ இன்ஹேலருக்கும் போலி இன்ஹேலருக்கும் நோயாளிகள் சொன்ன நிம்மதி ஏறக்குறைய ஒன்றுதான். ஊதச் சொல்லி நுரையீரலின் திறனை அளந்தபோது நிஜ மருந்தில் 20% முன்னேற்றம், போலியில் 7%. எந்தச் சிகிச்சையும் தராதபோதும் அதே 7%!

இதைவிட ஏமாற்றும் தப்பு, ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டவர்களை மட்டும் பார்ப்பது. மாரடைப்பிலிருந்து மீண்ட ஆண்களிடம் அமெரிக்காவில் குளோஃபைப்ரேட் என்ற கொழுப்பைக் குறைக்கும் மருந்தைச் சோதித்தார்கள். 80 சதவீதத்துக்குக் குறையாமல் சாப்பிட்டவர்களில் 5 ஆண்டுகளுக்குள் இறந்தது 15%. சரியாகச் சாப்பிடாதவர்களில் 24.6%. மருந்தின் மகிமை என்றுதானே தோன்றும்? டம்மி பிரிவைப் பாருங்கள்: ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில் 15.1%, மற்றவர்களில் 28.2%. தினமும் மறக்காமல் மாத்திரை போடுகிறவர் பெரும்பாலும் சாப்பாடு, நடை, செக்கப் எல்லாவற்றிலும் கவனமானவர். அதனால்தான் நடுவில் விட்டவரையும் அவரவர் பிரிவிலேயே வைத்து எண்ண வேண்டும். "எனக்கு டம்மிதான் வருது" என்று நீங்களாக ஊகித்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். கூடவே ஊர்க் கஷாயம் குடித்தால் அதையும் ஆய்வு மருத்துவரிடம் மறைக்காதீர்கள். எது வேலை செய்தது என்றே தெரியாமல் போகும்.

பக்கவிளைவிலும் இதே குழப்பம் உண்டு. உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரையை விட்ட 60 பேரிடம் லண்டனில் நடந்த ஆய்வில், ஸ்டாட்டின் தந்த தொந்தரவில் 90% டம்மியிலும் வந்தது. தொந்தரவு பொய்யல்ல, வலி வலிதான். மருத்துவரிடம் சொல்லாமல் நிறுத்துவதுதான் ஆபத்து.

கையெழுத்துப் போடும் முன் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். டம்மிக்குக் குணப்படுத்தும் சக்தி இல்லை என்று அதில் எழுதியிருக்க வேண்டும், மருந்து ஆய்வுகளுக்கான இந்திய அரசின் 2019 விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. அப்புறம், இப்போது சாப்பிடும் மருந்து தொடருமா நிற்குமா என்றும் கேட்டுவிடுங்கள்.