பாட்டி யூதர்னு பேப்பர்ல காட்டறது எப்படி, வேலூர்ல இருந்து

என் மனைவியோட அப்பாவைப் பெத்த பாட்டி எர்ணாகுளத்து யூதக் குடும்பம், நர்ஸ் வேலைக்கு வேலூர் வந்து இங்கயே ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணி தங்கிட்டவங்க. அவங்க யூதர்னு தெருவுக்கே தெரியும், ஆனா இஸ்ரேலுக்கு அப்ளை பண்ண உக்காந்தப்ப ஒரு பேப்பர்ல கூட இல்ல.

மொதல்ல நீங்க எந்த வழியா போறீங்கன்னு பாருங்க. யூதர்கள் இஸ்ரேல்ல குடியேற 1950ல அங்க போட்ட 'திரும்பும் உரிமை'ச் சட்டத்தை (Law of Return) 1970ல திருத்தி, யூதரோட பிள்ளை, பேரப்பிள்ளை, அவங்களோட புருஷன் பொண்டாட்டி வரைக்கும் உரிமை குடுத்திருக்காங்க. கொள்ளுப்பேரனுக்கு தனியா கிடையாது. யூதர்னா யூதத் தாய்க்குப் பொறந்தவங்க இல்ல மதம் மாறி வந்தவங்க, ஆனா வேற மதத்துல இருக்கக் கூடாதுன்னும் அதுல இருக்கு. நம்ம ஸ்கூல் டிசி மாட்டிவிடறது இங்கதான். மதம்ங்கற கட்டத்துல "கிறிஸ்தவர்"னு இருந்தா, அம்மா வழி பேத்தி யூதராவே கணக்காகறதால அவளுக்கு அது பெரிய சிக்கல், அப்பா வழி பேத்தி யூதரா இல்லாம யூதரோட பேத்தியாவே போறதால அவ்வளவா கடிக்காது, தலைகீழா இருக்குல்ல? எதுவா இருந்தாலும் டிசியை மறைக்காதீங்க, திருத்தி தரேன்னு வர்ற ஆளுங்க கிட்ட போகவே போகாதீங்க.

அடுத்து சங்கிலி. உங்க பர்த் சர்டிபிகேட், அப்பாவோடது, தாத்தா பாட்டி கல்யாணப் பதிவு. அப்பாவுக்கு பர்த் சர்டிபிகேட் இல்லன்னா பாட்டி இறந்தப்ப தாலுக்கா ஆபீஸ்ல வாங்கின வாரிசு சான்றிதழைத் தேடுங்க, இன்னார் இன்னாரோட மகன்னு அரசாங்கமே எழுதிக் குடுத்த காகிதம் அது, எங்களுக்கு அது நகைப் பெட்டில இருந்துது. பேர் தான் உயிரை வாங்கும். எங்க பாட்டி ஒரு எடத்துல எஸ்தர், ஒரு எடத்துல எஸ்தேர், ரேஷன் கார்டுல எஸ்தரம்மாள், இனிஷியல் வேற கல்யாணத்துக்கு அப்புறம் மாறிடுச்சு. எல்லாம் ஒரே ஆள்தான்னு ஒன் அண்ட் சேம் அபிடவிட் போட்டு அத்தனை ஸ்பெல்லிங்கையும் அதுலயே எழுதிடுங்க. ஊர் பேரும் அப்படித்தான், அப்பா பொறந்தது வட ஆற்காடு மாவட்டம், அதே ஊர் அப்புறம் வேலூர் மாவட்டம், 2019ல இருந்து ராணிப்பேட்டை மாவட்டம், வெளிநாட்டுக்காரங்க மூணு ஊர்னு நினைப்பாங்க, அதையும் ரெண்டு வரில சொல்லிடுங்க.

யூதர்ங்கறதுக்கு ஆதாரம் தனி. கெத்துபான்னு சொல்ற கல்யாண ஒப்பந்தம், ஜெப ஆலயப் பதிவு, ஹீப்ரு எழுத்து இருக்கற கல்லறை போட்டோ, எது கிடைச்சாலும் எடுத்து வைங்க. ரப்பி (யூத மதகுரு) லெட்டர் கேப்பாங்க, ஆனா கொச்சில பரம்பரையா ரப்பியே கிடையாது, பெரியவங்க தான் நடத்துனாங்க, இதை லெட்டர்ல விளக்க வேண்டி வரும். அதைவிட பலமானது 1950கள்ல இஸ்ரேலுக்குப் போய்ட்ட சொந்தக்காரங்க. பாட்டியோட தங்கச்சி போனப்ப குடுத்த பேப்பர்ல பெத்தவங்க பேர் இருக்கு, அது பாட்டிக்கும் பொருந்தும். அந்தக் காப்பி வரத்தான் எங்களுக்கு எட்டு மாசம் ஆச்சு.

யூத மதத்துக்கு மாறினவங்களுக்கு சர்டிபிகேட் மட்டும் போதாது, எந்த சபை, யார் சொல்லிக் குடுத்தாங்க, எவ்வளவு காலம் படிச்சீங்க, மாறின அப்புறமும் அந்த சபையோட இருந்தீங்களா, எல்லாத்துக்கும் லெட்டர் வேணும். வெளிநாட்டுல ரிஃபார்ம் சபைல (யூத மதத்துல தாராளப் போக்குள்ள பிரிவு) மாறினாலும் குடியேற்றத்துக்கு ஏத்துப்பாங்க, இஸ்ரேல் போய் கல்யாணம் பண்ண ரப்பி கோர்ட் ஏத்துக்காது, அது வேற கதை.

கடைசியா முத்திரை. தமிழ், மலையாளப் பேப்பருக்கு மொழிபெயர்ப்பு, நோட்டரி, மாநில அரசு அட்டஸ்டேஷன், அப்புறம் வெளியுறவு அமைச்சகத்தோட அப்போஸ்டில் (வெளிநாட்டுல செல்லும்னு குத்தற முத்திரை), அது ஏஜென்சி வழியா தான். லேமினேட் பண்ணின சர்டிபிகேட்டைத் திருப்பி அனுப்பிடுவாங்க, எங்க மாமா ஆசையா எல்லாத்தையும் லேமினேட் பண்ணி வெச்சிருந்தாரு, புதுசா காப்பி எடுத்தோம். போலீஸ் கிளியரன்ஸ் மட்டும் எல்லாம் முடிஞ்ச பிறகு எடுங்க, முன்னாடியே எடுத்தா அது காலாவதி ஆகி மறுபடியும் அலையணும்.