பிரிட்டனுக்குப் படிக்க வருகிறீர்களா? இந்த ஊசியை மறக்காதீர்கள்

லெஸ்டருக்குப் படிக்க வரும் தம்பி தங்கைகளிடம் நான் முதலில் கேட்பது, "மென்-ஏசிடபிள்யூஒய் போட்டாச்சா?" என்றுதான். மூளைக்காய்ச்சலுக்கும் ரத்தத்தில் பரவும் தொற்றுக்கும் காரணமான நான்கு வகைக் கிருமிகளைத் தடுக்கும் ஊசி இது. இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே போட்டுவிடுவார்கள். நம் ஊரின் வழக்கமான தடுப்பூசிப் பட்டியலில் இது இல்லை. அதனால் "சின்ன வயசுலயே எல்லாம் போட்டாச்சு" என்று அம்மா சொல்வதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

விடுதிக்கு வந்ததும் அருகிலுள்ள ஜிபி (குடும்ப மருத்துவர்) கிளினிக்கில் பதிவு செய்யுங்கள். பதிவுக்குப் பணம் கிடையாது. அப்புறம் நீங்களே போன் செய்து ஊசியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அவர்களாகக் கூப்பிடட்டும் என்று இருந்தால் மாதங்கள் ஓடிவிடும். 25-வது பிறந்தநாள் வரும்வரை இலவசம். ஒரே ஊசி, கை கொஞ்சம் வலிக்கலாம். வயது தாண்டியவர்கள் காசு கொடுத்துத் தனியாரிடம் போடலாம். முடிந்தால் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே ஊரில் போட்டுவிட்டு, ஊசி போட்டதற்கான சீட்டை எடுத்து வருவது இன்னும் நல்லது.

ஆனால் இதே நோயைத் தரும் பி வகைக் கிருமியை இந்த ஊசி தடுக்காது. அதனால் ஊசி போட்டவர்களும் கவனமாக இருக்க வேண்டும். காய்ச்சலோடு கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, வெளிச்சத்தில் கண் கூசுவது, குழப்பமான பேச்சு இவை சேர்ந்தால், புது இடத்துக் காய்ச்சல் என்று படுத்துவிடாதீர்கள். தோலில் தடிப்பு வரட்டும் என்றும் காத்திருக்க வேண்டாம். உடனே அவசர உதவி எண் 999-ஐ அழையுங்கள். பக்கத்து அறைப் பிள்ளைக்கு என்றாலும் இதேதான்.