பழைய டிஸ்க், புது மதர்போர்டு: டிரைவர் சிக்கலைத் தீர்ப்பது

எங்கள் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் கம்ப்யூட்டர் நடுவேலையில் தானாக அணைய ஆரம்பித்தது. புதுசு வாங்கினோம். "பழைய டிஸ்க்கை ஃபார்மட் பண்ணிடலாம்க்கா" என்றார் கடைத் தம்பி. நான் விடவில்லை. அந்த விண்டோஸ் 10-க்குள் இருக்கும் பேஜ்மேக்கருக்கும் பழைய தமிழ் ஃபான்ட்டுகளுக்கும் இன்று சிடி கிடையாது. டிஸ்க்கை அப்படியே மாற்றி மாட்டினேன். ஒரு நாள் பிடித்தது.

கழற்றும் முன்பே ஃபைல்களை வெளி டிஸ்க்கில் காப்பி எடுங்கள். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் 48 இலக்க ரெகவரி எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். புது போர்டில் அதைக் கேட்கும். புது போர்டின் லேன் டிரைவரை, அதாவது கேபிள் நெட்டை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருளை, பென்டிரைவில் இறக்கிக்கொள்ளுங்கள். டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் இருந்தால், யூஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறை மட்டுமே உள்ள போர்டில் பூட் ஆகாது, அதாவது விண்டோஸ் தொடங்காது. விண்டோஸ் 10-இலேயே உள்ள எம்பிஆர்2ஜிபிடி கருவி டேட்டா அழியாமல் ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்றித் தரும். மாற்றியபின் பழைய மெஷினில் பூட் ஆகாமல் போகலாம். அதனால் இதைக் கடைசியில் செய்யுங்கள்.

மாட்டியதும் எனக்கு வந்தது நீலத்திரை: 'இன்அக்ஸஸிபிள் பூட் டிவைஸ்'. டிஸ்க் போய்விட்டது என்று பதற வேண்டாம். பூட் ஆகும்போது விண்டோஸ் பழைய கன்ட்ரோலருக்கான (போர்டில் டிஸ்க்கை இயக்கும் பகுதி) டிரைவரைத்தான் ஏற்றுகிறது. கன்ட்ரோலர் வேறு மோடில் இருந்தால் தன் டிஸ்க்கையே அதனால் படிக்க முடியாது. பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) சாட்டா மோடை, அதாவது போர்டு டிஸ்க்கோடு பேசும் முறையை, பாருங்கள். என் புது போர்டில் ரெய்டு, பழையதில் ஏஹெச்சிஐ. பழையபடி ஏஹெச்சிஐ வைத்ததும் டெஸ்க்டாப் வந்துவிட்டது. உங்கள் பழைய மெஷின் ரெய்டில் ஓடியிருந்தால், ஏஹெச்சிஐ வைத்து ஒரு தடவை சேஃப் மோடில் (அடிப்படை டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் தொடங்கும் முறை) ஏற்றுங்கள். இரண்டு மூன்று முறை பூட் தோற்றால் ரெகவரி திரை தானே வரும். அதில் வரிசையாக ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் கொடுங்கள். பிறகு 4-ஐ அழுத்துங்கள். சேஃப் மோடில் ஏறிவிட்டால் சரியான டிரைவரை அதுவே பிடித்துக்கொள்ளும். அடுத்த தடவை சாதாரணமாக வரும்.

அடுத்து நெட். லேன் டிரைவர் கைவசம் இல்லையென்றால் போனை கேபிளில் மாட்டி, போனின் நெட்டைக் கம்ப்யூட்டருக்குத் தரும் யூஎஸ்பி டெதரிங் போடுங்கள். முதலில் போர்டின் அடிப்படைச் சிப்புகளுக்கான சிப்செட் டிரைவர், பிறகு மற்றவை. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியோடு 'அன்நோன் டிவைஸ்' நின்றால், ப்ராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ், ஹார்டுவேர் ஐடிஸ் திறங்கள். 'வென்' (தயாரித்த கம்பெனியின் குறியீடு) என்பதை அடுத்து 8086 இருந்தால் இன்டெல், 1022 என்றால் ஏஎம்டி, 10இசி என்றால் ரியல்டெக். எந்தக் கம்பெனி டிரைவரைத் தேடுவது என்பது தெளிவாகிவிடும். எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் போடுவதாகச் சொல்லும் இலவச சாஃப்ட்வேர்களைத் தொடவே தொடாதீர்கள். வேண்டாததையும் சேர்த்து ஏற்றிவிடும்.

டிவைஸ் மேனேஜரின் வியூ மெனுவில் 'ஷோ ஹிடன் டிவைசஸ்' கொடுத்தால் பழைய போர்டின் பாகங்கள் மங்கலாகத் தெரியும். பழைய கிராஃபிக்ஸ் கார்டையும் சவுண்டையும் அன்இன்ஸ்டால் செய்தேன். மற்றவை இருந்தாலும் தொந்தரவில்லை.

பிரிண்டரை வேறு யூஎஸ்பி போர்ட்டில் மாட்டியதால் 'காப்பி 1' என்று இன்னொன்று முளைத்திருந்தது. பழையதை நீக்கி, புதியதை டிஃபால்ட் ஆக்கிய பிறகே முதல் பத்திரிகை அச்சில் வந்தது.