24 வோல்ட் சொலினாய்டு வால்வை விரைந்து அணைப்பது எப்படி?

சொலினாய்டு வால்வை (மின்காந்தத்தால் திறந்து மூடும் வால்வு) இயக்கும் காயிலுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டையோடைப் போட்டால், அணைக்கும்போது எழும் உயர் வோல்ட்டேஜிலிருந்து பிஎல்சி (இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) வெளியீடு தப்பிக்கும் என்பது பேனல் கட்டுகிற எல்லோருக்கும் தெரியும். அதே டையோடு வால்வு மூடுவதைத் தாமதப்படுத்தும் என்பது, அந்த வால்வு இயக்கும் சிலிண்டர் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் நிற்கும்போதுதான் பலருக்கு உறைக்கிறது.

மின்சாரம் துண்டிக்கப்பட்டதும் காயிலில் தேங்கிய ஆற்றல் எங்காவது செலவாக வேண்டும். டையோடு வழியாகச் சுற்றும் மின்னோட்டத்தை எதிர்ப்பவை 0.7 வோல்ட்டும் காயிலின் சொந்த மின்தடையும் மட்டுமே என்பதால் அது மெதுவாகத்தான் வடியும். 58 ஓம் மின்தடையும் 1 ஹென்றி தூண்டலும் உள்ள 10 வாட் காயிலில், மின்னோட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறையச் சுமார் 36 மில்லிவினாடி ஆகும். (காயிலுக்குள் இருக்கும் இரும்புத் தண்டான பிளஞ்சர் நகரும்போது தூண்டலின் அளவும் மாறும், ஆகவே இது தோராயக் கணக்கு.) டையோடை எடுத்துவிட்டு 36 வோல்ட் இருதிசை டிவிஎஸ் டையோடைப் (ஏறத்தாழ 36 வோல்ட்டைத் தொட்டால் மட்டுமே கடத்தும் பாதுகாப்பு டையோடு) பொருத்தினால் அந்த நேரம் ஏறத்தாழ 8 மில்லிவினாடியாகக் குறையும். வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடும் சிலிண்டருக்கு இந்த வேறுபாடு 14 மில்லிமீட்டர்.

டிவிஎஸ்ஸுக்குப் பதிலாக ஜீனரையும் (குறிப்பிட்ட எதிர் வோல்ட்டேஜில் கடத்தும் டையோடு) சாதாரண டையோடையும் தொடராகப் பயன்படுத்தலாம். இரண்டின் கேத்தோடுகளையும் ஒன்றாக இணைத்து, ஜீனரின் ஆனோடைக் காயிலின் நேர்முனையிலும் டையோடின் ஆனோடை எதிர்முனையிலும் பொருத்த வேண்டும். எதுவானாலும், காயிலுக்கு அருகிலேயே பொருத்துவது நல்லது.

அணைக்கும் கணத்தில் வெளியீட்டு டிரான்சிஸ்டர் மீது விழுவது சப்ளை வோல்ட்டேஜும் இந்த 36 வோல்ட்டும் சேர்ந்த அளவு. சப்ளை 30 வரை ஏறினால் அது 66 வோல்ட்டைத் தொடும். ஆகவே 100 வோல்ட் தாங்கும் டிரான்சிஸ்டரே என் தேர்வு. பிஎல்சி வெளியீடாக இருந்தால் முதலில் கையேட்டைப் பாருங்கள். பல வெளியீடுகளில் வேகமாக அணைக்கும் ஏற்பாடு உள்ளேயே இருக்கும். அவற்றுக்கு வெளியே டையோடு போடுவது அந்த வேகத்தை நாமே கெடுத்துக்கொள்வதாகும். ஏசி காயிலுக்கு இவ்வாறு டையோடு போடக்கூடாது. அங்கே வேரிஸ்டர் (வோல்ட்டேஜ் ஏறினால் மின்தடை குறையும் உறுப்பு) அல்லது ஆர்சி (மின்தடையும் மின்தேக்கியும் சேர்ந்த) இணைப்பே பொருந்தும்.

பொருத்திய பின் காயில் முனைகளில் ஆசிலோஸ்கோப்பை வைத்து அணைத்துப் பாருங்கள். எதிர்த்திசையில் 36 வோல்ட்டை ஒட்டி ஒரு தட்டையான பள்ளம் தெரிய வேண்டும். அதன் அகலமே மின்னோட்டம் வடிய எடுத்த நேரம். பள்ளம் 0.7 வோல்ட்டிலேயே நின்றுவிட்டால், எல்இடி வைத்த வால்வு பிளக்கைத் திறந்து பாருங்கள். அதற்குள்ளேயே ஒரு டையோடு இருக்கக்கூடும்.